கேஸ் முறை

ஒருவனைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்குப் போலீஸ் தடியை எடுக்கும். நான் தடியைத் தொட்டதே இல்லை. வில்லியனூரில் பதினெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, வெறும் வாயாலேயே எத்தனையோ பேரை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் குற்றமே செய்யாதவர்கள். அவர்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவைப்பட்டது.

எங்கள் வக்கீல் ஐயா பிரெஞ்சுக்காரன் காலத்தில் சட்டம் படித்தவர். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்றால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துக் கொடுப்பார். கிரிமினல் கேஸ் அவருக்கு ஆகாது. அதனால் அதெல்லாம் என் தலையில். என்ன பேச வேண்டும் என்று நான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து அதைப் படிப்பார். "சிங்காரவேலு, கையெழுத்துப் புரியும்படி எழுதய்யா" என்பதைத் தவிர வேறு குறை சொன்னதில்லை.

எனக்கு நிரந்தரமாகக் கேஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் புளி மண்டி தெய்வசிகாமணி. கடைத்தெருவில் பெரிய மண்டி. வெளியே புளி, மிளகாய், தனியா. உள்ளே சில புளி மூட்டைகளின் நடுவில் இலையில் சுற்றிய அபின். அபினும் கறுப்பு, பிசுபிசுப்பு. கொட்டை எடுத்து மிதித்த புளியோடு சேர்த்து அமுக்கி வைத்தால் பெற்றவளுக்குக்கூட அடையாளம் தெரியாது. லாரியை ஓட்டுவது அவருடைய மைத்துனன் கனகராஜ். சரக்கு எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் குமாஸ்தா வேலையில் சேர்த்திதான்.

மண்டியில் மூட்டை தூக்குகிற ஆறு பேரும் ஒரே ஊர். பாகூர் ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர், பேர் வேண்டாம். ஆளுக்கு அரைக் காணி, முக்கால் காணி வயல் உண்டு. வயலில் வேலை இல்லாத நாளில் மண்டிக்கு வருவார்கள். அந்தப் பக்கத்தில் ஏரித் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். இன்று இவன் வயல், நாளை அடுத்தவன் வயல். ஒருவனுக்கு அவசரம் என்றால் இன்னொருவனோடு முறையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டபின் பேச்சு மாறக் கூடாது. அதற்காக வெட்டுக்குத்துகூட நடந்திருக்கிறது.

இந்த ஏரி முறையைத்தான் அவர்கள் கேஸுக்கும் வைத்துக்கொண்டார்கள். வருஷம், ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை லாரி மாட்டும். மாட்டினால் போலீசுக்கு ஓர் ஆள் வேண்டும். யாருடைய முறையோ அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போய், "மூட்டை என்னுது, லாரிக்காரருக்கு ஒண்ணும் தெரியாது" என்பான். போலீசுக்குக் கேஸ் முடிந்தது. நான் அவனைக் கோர்ட்டில் ஒப்புக்கொள்ள வைப்பேன். கோர்ட்டுக்கும் வேலை முடிந்தது. ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ உள்ளே இருந்துவிட்டு வருவான். அதுவரைக்கும் அவன் வீட்டுக்கு அரிசி மண்டியிலிருந்து போகும். அவன் வயலை மற்ற ஐந்து பேரும் உழுது, நட்டு, களை எடுத்துக் கொடுப்பார்கள். இதில் ஒருத்தருக்கும் மனக்குறை இருந்ததில்லை. சர்க்கார் நடத்துகிற எதுவும் இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்க்கவில்லை.

பயிற்சி என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தில் அபினுக்கு மிஞ்சிப்போனால் சில வருஷம். மாஜிஸ்திரேட் முதலில் அந்தப் பெரிய நம்பரைச் சொல்வார். "மூணு வருஷம் போடட்டுமா? பொண்டாட்டி புள்ள தெருவுல நிக்கட்டுமா?" என்று மேஜையைத் தட்டுவார். இவன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம செஞ்சிட்டேன் சாமி, ஒப்புக்கிறேன்" என்பான். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, நாற்பத்தைந்து நாள்" என்பார். எல்லா மாஜிஸ்திரேட்டும் இப்படித்தான். புளிக்கு விலை சொல்கிற மாதிரி, ஏற்றிச் சொல்லித்தான் இறக்குவார்கள். அதனால் ஆபீசில் நானே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து, மேஜையைத் தட்டி, பெரிய நம்பரைச் சொல்லிப் பழக்குவேன். "அவரு எவ்ளோ சொன்னாலும் பயப்படாத. மறுத்துப் பேசாத. ஒப்புக்கிறேன்னு மட்டும் சொல்லு" என்பதுதான் என் பாடம்.

அந்த ஆறு பேரில் ஒருவன் இருசப்பன். நல்ல உயரம், ஒரே தம்மில் மூட்டையைத் தோளுக்கு ஏற்றுவான். அவனிடம் ஒரு கோளாறு. பயந்தால் சிலர் அழுவார்கள், சிலருக்குக் கை நடுங்கும். இவனுக்குச் சிரிப்பு வரும். எழுபத்தொன்பதில் அவன் முறை வந்தபோது கோர்ட்டில் சிரித்துவிட்டான். நாற்பத்தைந்து என்று சொல்ல வாயெடுத்த மாஜிஸ்திரேட், "கோர்ட் உனக்குக் கூத்துக் கொட்டகையா?" என்று கேட்டு இரண்டு மாதமாக்கினார். அன்றிலிருந்து இருசப்பன் எங்கே போனாலும், "சிரிச்சதுக்குப் பதினைஞ்சு நாளு" என்று சொல்லிச் சிரிப்பான்.

எண்பத்தாறு பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். திருபுவனைக்குப் பக்கத்தில் லாரி மாட்டியது. மூட்டைக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் சரக்கு. முறை மணவாளனுடையது. அவனுக்கு அன்றைக்குத்தான் கரும்பு வெட்ட மில்லிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. அந்த வாரம் வெட்டாவிட்டால் கரும்பு காய்ந்துபோகும். மண்டி வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நான் போறேன்டா மணவாளா" என்றான் இருசப்பன். "எனுக்குத்தான் அறுப்பு முடிஞ்சி போச்சே. சும்மாதானே கெடக்கறேன். நீ கரும்ப வெட்டு. என் முறை வரச்சொல்ல நீ போ."

"பேச்சு மாறக் கூடாது" என்றான் மணவாளன்.

"இன்னாடா இது, நான் எப்ப மாறினேன்?"

அவ்வளவுதான் பேச்சு. இருசப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நானும் கூடவே இருந்தேன். மணவாளனின் கரும்பு நல்ல எடை கண்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தத் தடவை இரண்டு விஷயம் வழக்கத்துக்கு மாறாக நடந்தது. லாரியை மடக்கிய அதிகாரி புதுசு. மூட்டை என்னுடையது என்று ஒருவன் வந்து நின்றும், ஓட்டிவந்த கனகராஜையும் விடாமல் கேஸில் இரண்டாவது குற்றவாளியாக எழுதிவிட்டார். அடுத்தது, மாஜிஸ்திரேட் இந்தக் கேஸ் தன் அதிகாரத்தில் வராது என்று புதுச்சேரி செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கேதான் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது. பெரிய கோர்ட், பெரிய ஜட்ஜ். கொஞ்சம் கூடப்போனால் ஆறு மாதம். கனகராஜை ஜாமீனில் எடுத்தார்கள். இருசப்பனுக்கு ஜாமீன் கேட்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உள்ளே இருக்கிற நாளெல்லாம் தண்டனையில் கழியுமே என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஒரு நாள் வக்கீல் ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "முசியே சிங்காரவேலு, போதைப் பொருளுக்குப் புதுச் சட்டம் வந்திருக்காமே. நவம்பர்லேருந்து அமலாம். பாத்தியா?"

வேடிக்கை பண்ணும்போதுதான் என்னைப் பிரெஞ்சுக்காரன் பாணியில் முசியே என்பார். நானும் சிரித்துக்கொண்டு, "பாத்துட்டேன்யா" என்றேன்.

பார்க்கவில்லை. கெஸட் கட்டு அலமாரியில் இருந்தது. பேப்பரில் தலைப்பை மட்டும் படித்திருந்தேன். ஹெராயின், கொக்கெய்ன் என்று ஏதேதோ போட்டிருந்தது. டவுனில் கடற்கரையில் திரிகிற வெள்ளைக்காரப் பையன்களுக்கான சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். புளி மூட்டை தூக்குகிறவனுக்கு டெல்லியில் உட்கார்ந்து யார் சட்டம் போடப்போகிறார்கள்? இந்த ஒரு பொய்யைத் தவிர அந்தக் கேஸில் நான் வேறு தவறு செய்யவில்லை. அது போதுமானதாக இருந்தது.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை கேஸ் வந்தது. இருசப்பன் உள்ளே போய் ஐந்து மாதம் தாண்டியிருந்தது. தண்டனை ஆறு மாதத்துக்குள் இருந்தால் அன்றைக்கோ ஒரு வாரத்திலோ வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நான் அவன் மனைவி அம்சவள்ளியிடம் சொல்லியிருந்தேன். அவள் துவைத்த சட்டையும் தூக்குச்சட்டியில் சோறுமாகக் கோர்ட்டு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நேத்து சாயங்காலமே வெதை நெல்ல ஊறப் போட்டுட்டேன்" என்றாள். "நாத்தங்கால் சேறு அடிச்சித் தயாரா கீது. நாளைக்கு அவுரு கையால வெரைச்சிட்டா ஆச்சி. அவுரு கை வெரைச்சா ஒரே சீரா மொளைக்கும்."

"நாளைக்கு வெரைச்சிடலாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஜட்ஜ் நடுத்தர வயசு, மெல்லிய குரல். மேஜையைத் தட்டுகிற ஆளாகத் தெரியவில்லை. கனகராஜுக்காகத் தெய்வசிகாமணி டவுன் வக்கீலை வைத்திருந்தார். அவர் எழுந்து, தன் கட்சிக்காரர் குற்றத்தை மறுப்பதாக ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். அவருக்குச் சட்டம் தெரிந்திருந்தது. எங்கள் ஆள் ஒப்புக்கொள்ளப்போகிறான் என்பதும் தெரிந்திருந்தது. எங்கள் ஆள் ஒப்புக்கொண்டால் அவர் ஆளுக்கு நல்லது. அவர் வாயைத் திறக்க என்ன தலையெழுத்து?

இருசப்பன் கூண்டில் நின்றான். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டினார்கள்.

"ஒப்புக்கிறேன் சாமி" என்றான்.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இது புதுச் சட்டம். நீ ஒப்புக்கொண்டால் பத்து வருஷம் கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய் அபராதம். அதற்குக் கீழே குறைப்பதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. புரிகிறதா?"

பத்து வருஷம் என்றபோது இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தான். ஒரு லட்சம் என்றதும் அவனால் முடியவில்லை. மூட்டை தூக்குகிற இருசப்பனிடம் ஒரு லட்சம்! பெரிய நம்பர் சொல்வார் என்று நான் பழக்கியிருந்தேன்தான். இவ்வளவு பெரிய நம்பரை எங்கள் ஒத்திகையில் நானும் சொன்னதில்லை. அவன் உதட்டைக் கடித்தான். அப்படியும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜட்ஜ் கோபப்படவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன். வக்கீல் அவனோடு பேசட்டும். மதியம் மறுபடி கேட்கிறேன்" என்று எழுந்துவிட்டார்.

மதியம் வரைக்கும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்குள் ஏதோ உறுத்தியது என்பது நிஜம். முன்னே இருந்தவர்கள் யாரும் 'எனக்கு அதிகாரம் இல்லை' என்று சொன்னதில்லை. அதிகாரம் இருக்கிறது என்று காட்டத்தானே அவர்கள் மேஜையைத் தட்டியது? பெஞ்ச் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். வராந்தாவில் தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தார்.

"யோவ் சிங்காரம், இன்னா மொகம் ஒரு மாதிரி கீது?" என்றார். "எல்லாரும் சொல்றதுதானேய்யா? இப்பப் போயி அவன மாத்திச் சொல்லச் சொன்னா, அப்புறம் மூட்டை யாருதுன்னு கேப்பாங்க. நம்ப கனகராஜு மாட்டிக்குவான். முடிச்சி வுடு."

முடித்துவிட்டேன். வக்கீல் ஐயா, "என்னய்யா, பத்து வருஷம்ன்றாரே?" என்று கேட்டார். "அப்படித்தான்யா சொல்வாங்க" என்றேன். இருசப்பனிடம் போனேன். போலீஸ்காரர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அம்சவள்ளி கொடுத்தனுப்பிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா இவுரு இவ்ளோ ஏத்தறாரு?" என்றான்.

"பெரிய கோர்ட்டுடா. பெரிய நம்பரு. பயப்படாத."

"எனுக்கு இன்னா பயம்? சிரிப்பு வந்துடிச்சேன்னுதான். இந்த வாட்டி எவ்ளோ ஏத்துவாரோ."

"இப்பவாவது சிரிக்காம நில்லு."

மதியம் அவன் சிரிக்கவில்லை. ஜட்ஜ் அதே கேள்வியை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இருசப்பன் நான் சொல்லிக்கொடுத்த மாதிரி, குனிந்த தலை நிமிராமல், மறுத்துப் பேசாமல், ஒப்புக்கிறேன் என்றான். என் பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாகப் பாடம் ஒப்பித்தவன் கிடையாது. வக்கீல் ஐயா எழுந்து, முதல் தடவை இல்லை என்றாலும் ஏழை, மூன்று பிள்ளைகள், கருணை காட்ட வேண்டும் என்று என் சீட்டைப் படித்தார். ஜட்ஜ் கேட்டுக்கொண்டார். காட்டினார். பத்து வருஷத்துக்கு மேலே இருபது வரைக்கும் போடலாமாம். அவர் பத்தோடு நிறுத்தினார். ஒரு லட்சம் கட்டாவிட்டால் மேற்கொண்டு ஒரு வருஷம்.

இருசப்பன் நிமிர்ந்து நின்றான். அவர் அடுத்து இறக்கிச் சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தான். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த கேஸைக் கூப்பிட்டார். போலீஸ்காரர் தோளைத் தொட்டபோதும் அவன் என்னைத்தான் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்து அம்சவள்ளியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. துவைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"வெதை ஊறிக் கெடக்குதே அண்ணே" என்றாள்.

அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. இன்றுவரைக்கும் பேசவில்லை.

விதையை மறுநாள் மணவாளன்தான் விரைத்தானாம். அப்பீல் போட ஓடினேன். அப்போதுதான் கெஸட் கட்டைப் பிரித்து முழுக்கப் படித்தேன். ஒப்புக்கொண்டவன் தண்டனை அதிகம் என்று மட்டும்தான் அப்பீலில் சொல்ல முடியும், குற்றமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தண்டனையோ இருப்பதிலேயே குறைச்சல். மெட்ராஸில் ஒரு வக்கீல் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாருய்யா இவனை ஒப்புக்கொள்ளச் சொன்னது? அறிவு இருக்கிறவன் செய்வானா?" என்று என்னிடமே கேட்டார். அறிவு இல்லாதவன்தான் சார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கனகராஜின் கேஸைத் தனியாகப் பிரித்து நடத்தினார்கள். எண்பத்தேழு பிப்ரவரியில் தீர்ப்பு. சரக்கைப் பிடித்த அன்றே சீல் வைக்காமல் பன்னிரண்டு நாள் கழித்து வைத்திருக்கிறார்கள், சாட்சியாக எழுதியிருந்த இரண்டு பேரும் லாரியையே பார்க்கவில்லை, ஆகவே குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. அதே லாரி, அதே மூட்டை, அதே சீல். ஓட்டிவந்தவன் இல்லை என்றான், வீட்டுக்குப் போனான். தொடாதவன் ஆமாம் என்றான், உள்ளே இருக்கிறான். இருசப்பன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தால்கூடப் போதும். அவனைப் பேச வைத்தது நான். தெய்வசிகாமணி மண்டியில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு.

எண்பத்தெட்டு சித்திரையில் லாரி மறுபடியும் மாட்டியது. காட்டேரிக்குப்பம் ரோட்டில். தெய்வசிகாமணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். தராசு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, புளியில் கிடந்த நாரைப் பொறுக்கிக்கொண்டே பேசினார்.

"ஓட்டிக்கினு போன பையன் ஓடிப்பூட்டான். லாரி ஸ்டேஷன்ல நிக்குது. ஆளு ஒண்ணு குடுக்கணும். அடுத்த முறை இருசப்பன் வூட்டுது. அவன் தம்பி ராமு கீறானே, அவன அனுப்பச் சொல்லு."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "மொதலாளி, இருசப்பன் உள்ளதானே கீறான்?"

"அது மணவாளன் முறைய்யா. இவன் மாத்திக்கினு போனான். இவன் சொந்த முறை அப்படியே நிக்குதே. மணவாளன் போறேன்னு சொன்னான்தான். போன மாசம் மரத்துலேருந்து விழுந்து கால ஒடிச்சிக்கினு படுத்துக்கினான். நொண்டி ஆளு மூட்டை தூக்கினான்னா எவன் நம்புவான்? முறை முறைதான். அந்த ஊரு ஆளுங்களே ஒத்துக்குவாங்க. நீ ஜெயிலுக்குப் போயி இருசப்பன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வா. அவன் சொன்னா ராமு கேப்பான்."

முறைக் கணக்கில் அவர் சொன்னது சரி. அடுத்த நாள் காலையில் டவுன் பஸ் ஏறி ஜெயிலுக்குப் போனேன்.

இருசப்பன் இளைத்திருந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்ததும் சிரித்தான். அவன் பயந்து சிரித்தானா, சந்தோஷத்தில் சிரித்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு" என்றான். "அன்னிக்குச் சிரிச்சேனே, அதுக்கு அவுரு எவ்ளோ ஏத்தினாரு? சிரிக்காம இருந்தா எவ்ளோ ஆயிருக்கும்?"

இரண்டு வருஷமாக அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். தன் சிரிப்பால்தான் பெண்டாட்டி பிள்ளைகள் தவிக்கிறார்கள் என்று.

"ஒரு நாள்கூட ஏத்தலடா" என்றேன். "அந்தச் சட்டத்துல அதான் கொறைச்சல். அந்த ஜட்ஜு உன்னக் காப்பாத்தத்தான் பாத்தாரு. உண்மையத்தான் சொன்னாரு. நான்தான் சட்டத்தப் படிக்கல. படிச்சேன்னு பொய் சொன்னேன். நீ இல்லன்னு சொல்லியிருந்தா கனகராஜு மாதிரி வூட்டுக்குப் போயிருப்ப."

இருசப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

"சரி வுடுய்யா" என்றான். "நான் உள்ளயே ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். ஒரு முறைக்குத் தாராளமா மூணு மாசம்னு வெச்சிக்குங்க. நான் மொத்தம் பதினோரு வருஷம். அப்போ நாப்பத்து நாலு முறை. நாப்பத்து நாலு முறையும் நான் ஒருத்தனே பாத்துட்டேன். இனிமே நம்ப ஊர்ல ஒருத்தனுக்கும் கேஸ் முறை கெடையாது. ராமு, என் புள்ளைங்க, மணவாளன் புள்ளைங்க, யாரும் வர வேணாம். மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க இன்னா விஷயமா வந்தீங்க?"

"சும்மா, உன்னப் பாக்கத்தான்" என்றேன். அது நான் சொன்ன இரண்டாவது பொய்.

நேராக மண்டிக்கு வந்தேன். வரும் வழியில் ஆபீசில் இறங்கி கெஸட்டை எடுத்துக்கொண்டேன். தெய்வசிகாமணி அதே இடத்தில் உட்கார்ந்து நார் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொன்னியா? இன்னா சொன்னான்?"

"நாப்பத்து நாலு முறை முடிஞ்சிதாம் மொதலாளி. அடுத்த முறை உங்க வூட்டுதாம்."

"இன்னாய்யா ஒளர்ற?"

கெஸட்டைத் தராசு மேஜையில் புளிக்கு நடுவில் விரித்து வைத்தேன். ஒரு பிரிவைத் தமிழில் சொன்னேன். சரக்கு வைத்திருந்தவனுக்கு என்ன தண்டனையோ, அவனைத் தூண்டியவனுக்கும், சேர்ந்து திட்டம் போட்டவனுக்கும் அதே தண்டனை. கூடவே இருந்து பழக்கிக் கொடுத்தவனுக்கும் அதுதான்.

"ராமுவ அனுப்புங்க" என்றேன். "அவன் ஒப்புக்கிறேன்னு சொல்ல மாட்டான். மூட்டை மண்டியுதுன்னு சொல்லுவான். நானும் கூட நின்னு, ஒப்புக்க வெச்சது நான்னு சொல்லுவேன். நம்ப ரெண்டு பேருக்கும் பத்து வருஷம் மொதலாளி. ஒரே அறை குடுத்தாலும் குடுப்பாங்க."

தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார். பிறகு கடைப் பையன்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒரு கூண்டில் பார்த்திருக்கிறேன்.

"பெரிய நம்பர் சொல்றேன்னு நெனைக்காதீங்க" என்றேன். "அதுக்குக் கீழ கொறைக்க அவங்களுக்கு அதிகாரம் இல்ல."

ராமுவைக் கேட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை. போலீஸை எப்படிச் சமாளித்தாரோ, கேட்பாரில்லாமல் லாரி ஸ்டேஷன் வாசலிலேயே மக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு மண்டியிலிருந்து கேஸ் வருவது நின்றுவிட்டது. ஆடியில் இருசப்பன் வயலுக்கு விதை ஊறப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மணவாளன் கோலை ஊன்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். ராமு விரைத்துக்கொண்டிருந்தான். அம்சவள்ளி என்னைப் பார்த்தாள். ஒரு கூடை விதையை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். எனக்கு விரைக்கத் தெரியாது. அந்தப் பாத்தியில் மட்டும் நாற்று திட்டுத்திட்டாகத்தான் முளைத்தது.